உள்பக்கம் திறக்கும் கதவு

தம்பி,

நீ கேட்டது வேறு, நான் எழுதுவது வேறு. நீ திருத்திக் கட்டுகிற நீச்சல் தடாகம் மறுபடி திறக்கும் நாளில் வெளியிடப்போகும் மலருக்கு, "ரெண்டு பக்கம் போதும்மா, பழைய ஞாபகம் ஏதாவது எழுதுங்க, சந்தோஷமா இருக்கட்டும்" என்று சொல்லி, உன் பெண்சாதி கௌரியிடம் கோடு போட்ட தாளும் கொடுத்தனுப்பினாய். நானும் உட்கார்ந்து எழுதத்தான் செய்தேன். நீலத் தண்ணீர், வெள்ளைக் கோபுரம், விசில் சத்தம் என்று ஒரு பக்கம் நிரம்பியது. படித்துப் பார்த்தால் கலியாண வீட்டு வாழ்த்துமடல் மாதிரி இருந்தது. எனக்கே சிரிப்பு வந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இது உனக்கு. படித்த பிறகு மலரில் போடுவதானால் போடு, ஊரே படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் நீ படித்தாக வேண்டும். சனிக்கிழமை சோதனைக்குத் தண்ணீர் விடுவோம், அது சுவரிலுள்ள அந்த வட்டக் கண்ணாடிகளைத் தாண்டி மேலே ஏறும் என்றாய். அந்த நேரம் கீழ் நடையில் நீ நிற்பாய் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாயிருக்கிறது, ராசா. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பயமாயிருக்கிறது.

போனில் சொன்னால் நீ கணக்குச் சொல்கிறாய். கண்ணாடி எத்தனை அடுக்கு, சுவருக்குள் புதிதாய் எவ்வளவு கம்பி, எந்த ரசாயனம் பூசினீர்கள் என்று வரிசையாய்ச் சொல்கிறாய். உன் கணக்கில் பிழை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குக் கணக்கும் தெரியாது, காங்கிரீட்டும் தெரியாது. நீ சொல்லச் சொல்ல எனக்கு ஒரு கதவு அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்கிறது. அது என்ன சத்தம் என்று இத்தனை வருஷமாய் உனக்கு நான் சொன்னதில்லை. அன்றைக்கு நீ கைக்குழந்தைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இடைப்பட்டவன். அந்த இடத்தில் நீ கண்டது ஒன்று, நான் கண்டது இன்னொன்று. நீ கண்டதை வைத்துக்கொண்டு நீ வேலை செய்கிறாய், நான் கண்டதை வைத்துக்கொண்டு நான் நடுங்குகிறேன். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் உனக்கும் புரியும், எனக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

முதலில் அந்தக் கட்டடம். கொழும்பிலிருந்து மாணவர்கள் பஸ் பிடித்து வந்து படம் எடுத்துப் போகிறார்கள் என்று சொல்லும்போது உன் முகத்தில் வரும் பூரிப்பு எனக்குத் தெரியும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பன்வில தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். வீடென்றால் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாய் நிற்பது என்று நினைத்திருந்தவள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்த புதிதில், அவர் ஓட்டிய மரக்கறி லொறியின் முன்சீட்டில் இருந்து அம்பிட்டிய பக்கம் போகும்போது, மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று ஒன்று தெரிந்தது. "அது என்னங்க?" என்றேன். "அதுவா, குளிக்கிற இடம்" என்றார். என்னைக் கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். குளிப்பதற்கு யாராவது அப்படி மாளிகை கட்டுவார்களா? சுதந்திரம் கிடைத்து நாடே புதிதாய் இருந்த காலத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் ஆர்க்கிடெக்ட் கட்டினாராம். துரைமாருடைய கிளப்பில் மட்டும் கிடைத்த சுகம் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று கட்டினாராம். அந்த நினைப்புக்காக நான் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் எதுவும் எதன்மேலும் உட்கார்ந்திருக்காது. பார்வையாளர் படிகளுக்கு மேலே கூரை நீட்டிக்கொண்டு நிற்கும், முன்னால் ஒரு தூண் கிடையாது. குதிக்கிற கோபுரம் ஒற்றைக் காலில் நிற்கும், அதிலிருந்து இரண்டு நாக்கு வெளியே வரும். ஏறும் படிகளுக்குப் பின்பலகை இல்லை, சேலை கட்டிக்கொண்டு ஏறுகிறவள் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் ஆழப் பக்கம். தடாகத்தின் அந்தப் பாதி நிலத்தில் இல்லை. அலுமாரியிலிருந்து இழுத்துவிட்ட லாச்சி மாதிரி சரிவை விட்டு வெளியே வந்து நிற்கிறது. அவ்வளவு தண்ணீரும் அந்தரத்தில். நீ இன்ஜினியருக்குப் படித்து முடித்த வருஷம் என்னை அங்கே கூட்டிப்போய், "பாரம் எங்க போகுதுன்னு தெரியக்கூடாதும்மா, அதுதான் இதோட அழகு" என்றாய். பாரம் எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் எனக்குக் கால் ஊன்றாது என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு இன்னும் கோபம். பெண்கள் உடுப்பு மாற்றும் அறைகளுக்கு அந்த மனிதர் கூரையே போடவில்லை. சுற்றிவர ஓட்டை வைத்த அழகான சுவர், மேலே வானம். வெயில் விழட்டும், காற்று வரட்டும் என்றாராம். அவர் படித்த ஊரில் மலை இல்லை போலிருக்கிறது. கண்டியில் நீ எங்கே நின்றாலும் உனக்கு மேலே ஒரு வீடு இருக்கும், அதற்கு மேலே ஒரு ரோட்டு இருக்கும், அதில் ஒரு பஸ் போகும். நான் பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேல் ரோட்டு பஸ் அந்த வளைவில் வேகம் குறைவதைக் கவனித்துவிட்டேன். சண்டை போட்டுத் தகரம் போட வைத்தேன். இப்போது நீ அவர் வரைந்த பழைய படத்தில் இல்லாதது என்று அந்தத் தகரத்தைக் கழற்றப்போகிறாயாம். கழற்று. நாளைக்கு அந்த பஸ்ஸில் பள்ளத்துப் பக்கச் சீட்டுக்கு அடிபிடி நடக்கும்போது உன்னைத்தான் கேட்பார்கள்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் சுற்றிச் சுற்றி வருவது அந்தக் கீழ் நடைக்குள் இறங்கப் பயந்துதான்.

மலரைப் படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று அந்த இடத்தைச் சொல்கிறேன். ஆழப் பக்கச் சுவரை ஒட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலத்தில் ஒரு நடை. அந்தச் சுவரில் ஏழு வட்டக் கண்ணாடிகள். அவற்றின் வழியே பார்த்தால் நீந்துகிறவர்களைத் தண்ணீருக்குள்ளேயே பார்க்கலாம். நீச்சல் பழக்குகிற மாஸ்டர் கால் அடிப்பதைக் கவனிக்க வேண்டும், சனங்களும் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று வைத்தது. கரையிலிருந்து ஒடுங்கிய படியால் இறங்கினால் ஓர் இரும்புக் கதவு. போக வர அது ஒன்றுதான். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு மட்டும். அங்கே வேலை செய்கிற ஆட்களைத் தவிர ஆம்பிளை ஒருவரும் வரக்கூடாது. இருந்தாலும் அந்தக் கண்ணாடிகளை நினைத்து ஒருத்தியும் ஆழப் பக்கம் போகமாட்டாள். யாரோ கீழே நின்று பார்க்கிற மாதிரியே இருக்கும். நம் பெண்கள் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கிறவர்கள், ஆற்றில் குளிக்கிறவர்கள். பக்கத்தில் ஆம்பிளை மாடு குளிப்பாட்டினாலும் கவலைப்படமாட்டார்கள். மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிய துணி ஒன்று இருந்தால் போதும், அதில் சிங்களம் தமிழ் வித்தியாசமில்லை. ஆனால் தடாகத்தில் துணி கட்டி இறங்கக்கூடாது என்று சட்டம். நூல் போய் வடிகட்டியில் சிக்குமாம். அவர்களே இரவல் கொடுக்கிற நீச்சல் உடுப்பைத்தான் போட வேண்டும். தொடை தெரியும், முதுகு தெரியும். ஆற்றங்கரையில் இல்லாத வெட்கத்தை அந்தச் சட்டம் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் நான் தடித்த கறுப்புத் துணி வாங்கி, மடித்துத் தைத்து, ஏழு கண்ணாடிக்கும் திரை போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டுவேன், பெண்கள் போனதும் கழற்றுவேன். அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. திகனையிலிருந்து ஜெஸீமா டீச்சர் தன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார், அவர்களுடைய தங்கச்சிமார் என்று ஒரு வேன் நிறையக் கூட்டிக்கொண்டு வருவார். கையைக் காலை அடித்து அவர்கள் போடும் கூச்சலில் மலையே எதிரொலிக்கும்.

உன்னை விட்டுவிட்டு வர எனக்கு ஆள் இல்லை. அப்பா விடிய முன்னமே லொறியில் போய்விடுவார். உன்னைக் கரையில் விட முடியுமா? கீழ் நடையில் ஒரு பாயைப் போட்டு உட்காரவைப்பேன். திரை இல்லாத நாட்களில் நீ கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பாய். வெயில் தண்ணீர் வழியாய் வந்து உன் சட்டை, முகம், பாய் எல்லாம் நீலமாய் ஆடும். அந்த வெளிச்சத்தைப் பற்றித்தானே நீ எல்லோரிடமும் சொல்கிறாய்? "எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் விஷயமே அந்த நீலம்தான்" என்று பேப்பர்காரரிடம்கூடச் சொன்னாய். அது பொய் இல்லை. நான்தான் உன்னை அங்கே உட்காரவைத்தேன்.

அன்றைக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் பெய்த மழை விட்டு நல்ல வெயில். பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். திரைகளில் ஒன்று ஒரு பக்கம் அவிழ்ந்துவிட்டது, ஸ்டூலில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ பாயில் இருந்தாய். அப்போது விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். உன்னைத்தான் பார்த்தேன், நீ ஏதோ உடைத்துவிட்டாய் என்று. நீ வெறும் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி நெட்டி முறிந்தது. திரையை விலக்கினேன். கண்ணாடியில் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு. கோட்டின் அடியில் தண்ணீர் நூலாய் இறங்கிச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. உன்னைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு படியேறி ஓடினேன்.

மேலே போய்க் கத்தினேன். "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க, கண்ணாடி வெடிச்சிருச்சு!" என் சத்தம் வாசலுக்கும் கேட்டுவிட்டது. பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் பியதாச, "என்ன நங்கி, என்ன தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார், அவருக்குப் பின்னால் வாசல்காரர், தோட்டம் வெட்டுகிற ஆள். வந்ததுதான் தாமதம், தண்ணீரில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கழுத்து வரைக்கும் உள்ளே போய்விட்டார்கள். ஏறியவர்களும் மறுபடி குதித்தார்கள். ஆம்பிளைகளிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாமோ அவ்வளவு தூரம் போய், ஆழப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டார்கள். அந்த வெடித்த சுவரிலேயே போய் ஒட்டிக்கொண்டார்கள்!

"டீச்சர், அந்தப் பக்கம் போகாதீங்க, அதுதான் உடையப் போவுது!" என்று நான் கதறுகிறேன். ஜெஸீமா டீச்சர் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, "ஆம்பிளையள் நிக்கிறாங்க புள்ள, இந்த உடுப்போட எப்பிடி ஏறுறது? அவங்களப் போகச் சொல்லுங்க!" என்கிறார். பியதாச எப்படிப் போவார்? தண்ணீரை வெளியே திறந்துவிடுகிற வால்வு அந்தக் கரையில்தான் இருக்கிறது. மனுசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அம்மா, நான் பாக்க இல்ல, கண்ண மூடிட்டன், வாங்க, வாங்க" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே வால்வைச் சுற்றினார். ஒருத்தி அசையவில்லை. உடுப்பு மாற்றும் அறையிலிருந்து சேலைகளை அள்ளி வரலாம் என்றால், ஒவ்வொருத்தியும் தன் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கீழே ஏழு துணி இருக்கிறது.

உன்னைக் கரையில் விட்டால் தண்ணீரில் விழுவாய், கொடுக்க யாருடைய கையும் சும்மா இல்லை. உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டே திரும்பக் கீழே இறங்கினேன். கதவுக்குச் செங்கல் ஒன்று முட்டுக் கொடுத்திருந்தேன், அதைக் காலால் இன்னும் இறுக்கிவைத்தேன். ஒவ்வொரு துணியாய்ப் பிடுங்கினேன். துணி விழ விழ அந்த நடைக்குள் நீலம் வந்தது. நீ கைதட்டிச் சிரித்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேருடைய கால்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, நீ அதைப் பார்த்து, "அம்மா, கால்! கால்!" என்றாய். அப்போது நூலாய் இருந்த தண்ணீர் என் முகத்தில் விசிறியடித்தது. நீ இன்னும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், என் பிள்ளை சிரிக்கிறான்.

துணிகளை மேலே கொண்டுவந்து தண்ணீரில் வீசினேன். இரண்டு பேர் மூன்று பேராய் ஒரே துணிக்குள் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஏறி அறைக்குள் ஒளிந்தவள் அவிழ்த்துக் கொடுக்க, நான் திரும்ப வீசினேன். கடைசியாய் டீச்சர் ஏறினார். அவர் இரண்டு காலையும் கரையில் வைத்து, "அல்லாஹ்வே" என்று உட்காரவும், கால் அடியில் தரை ஒரு தடவை உதறியது. கீழே கண்ணாடி போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கதவு அடித்துக்கொண்டதுதான் கேட்டது. டங் என்று ஒரே ஒரு சத்தம். தண்ணீர் வெளியே பாய்கிற வேகத்தில் செங்கலைத் தட்டிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறதோ என்று பயந்து பியதாசவும் மற்ற இரண்டு பேரும் இறங்கிப்போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். மூன்று ஆம்பிளைகள் தள்ளியும் ஓர் அங்குலம் அசையவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவை உள்ளே நிறைந்த தண்ணீர் வெளியே அழுத்திக்கொண்டிருந்தது. "உள்ள யாருமில்ல! எம் புள்ள எங்கிட்ட இருக்கான்!" என்று நான் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வடிந்து கதவு திறந்தபோது அந்தச் செங்கல் நடையின் அடுத்த முனையில் கிடந்தது. உன் பாயைக் காணவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கண்ணாடித் துவாரங்களை அடைத்தார்கள், கொஞ்ச நாளில் தடாகத்தையே மூடினார்கள், பாசி பிடித்துக் கிடந்தது. உனக்குத் தெரியாதது, உன் அப்பா அன்று வந்து கதையைக் கேட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். வாளியில் சுடுதண்ணீர் கலந்து, உன்னை மடியில் வைத்து, செம்பு செம்பாய் ஊற்றிக் குளிப்பாட்டினார். அன்றிலிருந்து நீ வாளித் தண்ணீரில் குளித்தவன்தான். ஆற்றுக்கு விடவில்லை, கடலுக்கு விடவில்லை. கண்டியிலேயே அழகான நீச்சல் தடாகத்தைத் திருத்திக் கட்டுகிறவனுக்கு நீந்தத் தெரியாது. இதை மலரில் போட்டால் சனங்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய படம் எல்லாம் கிடைத்துவிட்டது, ஏழு கண்ணாடியையும் மறுபடி திறக்கப்போகிறோம் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் பாதியில் போனை வைத்தேன். லைன் அறுந்ததென்று நினைத்தாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, சாப்பிட்டுக்கொண்டே, சனிக்கிழமை கீழே நிற்கப்போவதைச் சொன்னாய். "ஏன் நீ நிக்கணும்? கேமரா வையேன்" என்றேன். "கேமராவும் இருக்கும்மா. ஆனா நான் கீழ நின்னாத்தான் வேலை செய்யிற பாஸ்மார் வால்வைத் திறப்பாங்க. காங்கிரீட் தட்டுக்குக் குடுத்த முட்டைக் கழட்டுறப்பவும் அப்பிடித்தான், கையெழுத்துப் போட்டவன் அடியில நிக்கணும். அது எங்க தொழில்ல வழக்கம்" என்றாய். அதுவும் சரிதான், மற்றவன் பிள்ளையைக் கீழே நிறுத்திவிட்டு நீ மேலே நின்றால் நான்தான் முதலில் உன்னைத் திட்டுவேன். "கதவு?" என்று கேட்டேன். "கதவைத் திறந்து, முட்டுக் கொடுத்து வைப்போம், பயப்படாதீங்க" என்றாய். பருப்பைப் போட்டுப் பிசைந்துகொண்டு எவ்வளவு லேசாய்ச் சொன்னாய்! அன்றைக்கும் அது திறந்துதான் இருந்தது, தம்பி. அன்றைக்கும் முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தேன்.

உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவனுக்குப் பயமென்ற ஒன்று கிடையாதா, அந்த நீல வெளிச்சம் கண்ணை மறைத்துவிட்டதா என்று பொருமிக்கொண்டிருந்தேன். போகாதே என்று எழுதுவதற்குத்தான் இந்தத் தாளை எடுத்தேன். என் மேல் ஆணை, அப்பா மேல் ஆணை என்றெல்லாம் எழுதுவதாக இருந்தேன். அப்போதுதான் கௌரி போனில் கூப்பிட்டாள். "மாமி, ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு, ஆனா எனக்கு மனசு கேக்கல. வீட்டில இருக்கிற கண்ணாடி கிளாஸ் எல்லாத்தையும் நகத்தால தட்டித் தட்டிக் கேக்குறாரு. தண்ணி ஊத்தித் தட்டுறாரு, ஊத்தாம தட்டுறாரு. சாப்பிடப் போட்டா தட்டுல கோடு போட்டுக்கிட்டு இருக்காரு. ஏங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு" என்றாள்.

பாவி, நீயும் பயந்துதான் இருக்கிறாய். என் முன்னால் பருப்பைப் பிசைந்து காட்டியதெல்லாம் நடிப்பு. முதலில் அழுகை வந்தது, பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த நீலத்தை மட்டும் பார்க்கிறவனைக் கீழே அனுப்ப எனக்கு மனசில்லை. பயந்தவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவனை அனுப்பலாம். அனுப்பலாம் என்று எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடி சத்தம் போட்டால், இது பரவாயில்லை, இன்னொரு நிமிஷம் பார்ப்போம் என்று நிற்காதே. கௌரியிடம் மறைக்காதே. பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தால் அது ஆளைத் தின்றுவிடும், நான் இத்தனை வருஷம் வைத்திருந்து பார்த்தவள்.

எனக்கு வேண்டியது ஒன்று. அந்தக் கதவைக் கீலோடு கழற்றி மேலே கொண்டுவந்து வை. பழைய படத்தில் இருக்கிற கதவு, அதே மாதிரி செய்வித்திருக்கிறோம், அழகு என்றெல்லாம் எனக்குச் சொல்லாதே. சனிக்கிழமை கழிந்த பிறகு மாட்டிக்கொள், எந்தப் பக்கம் திறப்பது என்று அப்போது உட்கார்ந்து யோசி. கழற்றமாட்டேன் என்றால், நான் என்ன செய்வேன் என்று கேள். தடாகத்து வேலையில் நான் உட்கார்ந்திருந்து, வேலை விட்ட பிறகும் விடாமல் வைத்திருக்கிறேனே அந்த இரும்புக் கதிரை, அதைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வாசலின் நடுவில் போட்டு உட்காருவேன். பியதாசவின் மகன்தான் இப்போது வாசலில் என்றாயே, அவன் என்னைத் தடுக்கமாட்டான். கதவு சாத்த வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் சாத்த வேண்டும். தண்ணீர் வந்தால் என்னையும் கதிரையையும் செங்கல்லை உருட்டின மாதிரி உருட்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் யோசித்து முடிவெடு. கதவு மேலே இருந்தால் நான் மேலே இருப்பேன், கௌரியோடு, படி தொடங்குகிற இடத்தில்.

அங்கே நின்று நான் உன்னைக் கூப்பிட்டால் வந்துவிடு. நான் கூப்பிட்டதற்குக் காரணம் இல்லாமலும் இருக்கலாம். காக்கை கத்தியிருக்கும், எவனாவது சட்டியைப் போட்டிருப்பான், எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும், கூப்பிட்டிருப்பேன். பாஸ்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அத்தனை பெண்களும் யார் பார்ப்பார்களோ என்று யோசித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள், நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் வரவில்லை. நீ அப்படி நிற்காதே. ஏன் என்று கேட்காதே, கண்ணாடியைத் திரும்பிப் பார்க்காதே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படியேறு.

அன்றைக்கு உனக்கு நன்றாக நடக்கத் தெரியும், ஆனாலும் நான் உன்னை இடுப்பிலிருந்து ஒரு நொடி இறக்கவில்லை. இப்போது உன்னைத் தூக்க என்னால் முடியாது, ராசா. நீதான் நடந்து வர வேண்டும்.

அம்மா